நாற்பத்தாறுக்கு அடுத்த படம்

ஜனவரி 9

அன்புள்ள நட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இடது முட்டியைத் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் நலம். உன் இடுப்பு வலி, உன் வீட்டுக்காரியின் இருமல், என் மருமகளின் பரீட்சை எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று புருவத்தைத் தூக்காதே. போனில் நீ "ம்" போடுவாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அது வந்துவிட்டது. இத்தனை வருஷம் விமானத் தளத்து வாசலில் கம்பத்தின் மேல் நின்ற, அப்பா பராமரித்த அந்த விமானத்தை இறக்கி, இந்த ஊர் அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து எனக்கு இரண்டு பஸ். ஓய்வு பெற்றதிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பழைய போர் விமானங்களைப் படம் எடுத்துத் திரிகிறேன், நீயும் பைத்தியம் என்கிறாய். கடைசியில் பைத்தியத்தின் வீட்டுப் பக்கத்திலேயே வந்து இறங்கியிருக்கிறது பார்! வாலில் அதே எண். அந்த எண்ணை எழுத எனக்குக் கை வராது. அம்மா பழக்கிய பழக்கம்.

கொட்டகைக்குள் நுழைந்தேன். எவ்வளவு சின்னது தெரியுமா? நாம் இரண்டு பேரும் சேர்ந்து படுத்தால் இறக்கை முடிந்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் போனேன். முன்னால் ஒரு பலகை. அதில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "தரைப்பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் சக்கரம் இறங்காமல் வயிற்றால் தரையிறங்கியது. விமானியின் துணிச்சலால் காப்பாற்றப்பட்டது. அதன்பின் பறக்கவில்லை."

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நாலு சுவருக்குள் விசாரித்து, அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் "கழண்ட சக்கரம்" என்று கூப்பிட்டார்கள். அதையெல்லாம் விழுங்கிவிட்டேன். இப்போது அதைப் பலகையில் எழுதி வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாக வந்து படிக்கிறார்கள்.

அந்தப் பலகையைக் கழற்ற வைக்காமல் நான் ஓய மாட்டேன். எழுதி வைத்துக்கொள்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

•

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருமல் போய்விட்டது. பரீட்சை முடிந்தது, முடிவு வந்தால்தான் நலமா இல்லையா என்று சொல்ல முடியும். என் இடுப்பு என்னோடுதான் இருக்கிறது. உன் முட்டிக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறாயா?

இங்கே வேலை அதிகம். ஒரு நாளைக்கு ஆறு லிஃப்ட் பரிசோதிக்க வேண்டும், நான் மூன்றுதான் முடிக்கிறேன். மற்றவர்கள் என்னை "பூதக்கண்ணாடி" என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டும். பார்க்காத கயிற்றுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன்.

விமானம் வந்தது சந்தோஷம். நாற்பத்தேழு என்று எழுதுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை அக்கா. போன வாரம் ஒரு கட்டிடத்தின் நாற்பத்தேழாவது மாடியில் அரை மணி நேரம் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. எண் என்ன செய்யும்?

பலகையை விட்டுவிடு. அதில் அப்பாவின் பெயர் இல்லையே. அது யாரைச் சொல்கிறது என்று உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? மற்றவர்களைப் போல நீயும் முன்னால் நின்று இரண்டு படம் எடுத்துக்கொள். மூக்குப் பக்கம் அழகாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

பிப்ரவரி 6

அன்புள்ள நட்டுவுக்கு,

நான் நலம், கோபம் அதைவிட நலம். "உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். நமக்குத் தெரிந்தால் போதாதா? உனக்கு நட்டு, எனக்குப் போல்ட்டு என்று பெயர் வைத்த மனுஷருக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கமாக ஒரு நட்டு கிடைத்திருக்கலாம்.

முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள் நான். யாருடைய முகத்தையும் பார்த்துப் பழக்கமில்லை. விமானத்திலும் எனக்கு மூக்கு வேண்டாம், வயிறுதான் வேண்டும். சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழி இருக்கிறதே, அங்கேதான் அப்பாவின் வேலை. கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், தாண்டக் கூடாது. சரி, தாண்டவில்லை. வீட்டிலிருந்து ஒரு போர்வை கொண்டுபோய்க் கயிற்றுக்கு வெளியே விரித்து மல்லாந்து படுத்தேன். நீள லென்ஸை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன்.

உடனே காவலாளி ஓடி வந்தார். கயிற்றைக் காப்பதுதான் அவர் வேலை என்பதால் கயிற்றுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"அம்மா, எழுந்திருங்க. இங்க படுக்கக் கூடாது."

"எங்க எழுதியிருக்கு? கயிறு தாண்டக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. நான் இந்தப் பக்கம்தானே கிடக்கேன்."

"வயசானவங்க இப்படி தரையில..."

"உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு."

"எனக்கு அம்பத்தொம்பது. அம்மான்னு கூப்பிடாம தங்கச்சின்னு கூப்பிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். மூன்றாவது சனிக்கிழமையிலிருந்து என் தலைக்கு மேலே யாரும் கால் வைக்காமல் அவரே பார்த்துக்கொள்கிறார்.

அருங்காட்சியக இயக்குநர் அப்படி இல்லை. உள்ளே போய் எடுக்க அனுமதி கேட்டு மனு கொடுத்தேன். "ஏன் அடியில எடுக்கறீங்க? முன்னாடி எடுங்க, அழகா இருக்கும்" என்றார். அப்படியே உன் குரல். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் விட்டேனா? செல்ஃபி குச்சியின் முனையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டிக் கயிற்றுக்கு மேலே நீட்டினேன். கண்ணாடியில் குழியின் உள்பக்கம் தெரிந்தது. என்ன பார்த்தேன் தெரியுமா? அப்பாவின் கையைப் பார்த்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பறக்கும் அதிர்வில் போல்ட்டு கழன்றுவிடாமல் இருக்க, அதன் தலையில் உள்ள துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து, பக்கத்துப் போல்ட்டோடு சேர்த்து முறுக்குவார்கள். எல்லாரும் வலது பக்கம் முறுக்குவார்கள். அப்பா இடது கைக்காரர், அவர் முறுக்கு இடது பக்கம் போகும். நம் வீட்டுக் கேட்டுத் தாழ்ப்பாள், என் மூக்குக் கண்ணாடியின் உடைந்த கால், உன் பள்ளிக்கூடப் பையின் வார் எல்லாம் அதே முறுக்கு. அந்தக் குழி முழுக்க இடது முறுக்கு, தம்பி! ஒன்றுகூட அவிழவில்லை. படுத்தபடியே அழுதேன். கயிற்றுக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

இவ்வளவு கம்பி கட்டியவர் ஒன்றை மட்டும் மறந்தாராம். நான் நம்பவில்லை.

உடனே பதில் எழுது. "ம்" கூடாது.

அக்கா

•

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வீட்டில் எல்லாரும் சுகம். பரீட்சையில் உன் மருமகள் தேறிவிட்டாள், அத்தைக்குச் சொல்லச் சொன்னாள். உன் முட்டியோடு தரையில் படுக்காதே. படுத்தால் யார் தூக்கிவிடுகிறார்கள்?

வேலைதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். எல்லாக் கம்பியும் இடது முறுக்குதானா? வேறு எதையாவது பார்த்தாயா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 2

அன்புள்ள நட்டுவுக்கு,

நலம், நலம், நலம். முட்டிகூட நலம். என் மருமகளுக்கு ஒரு முத்தம். கயிற்றுக்காரர்தான் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார். போதுமா?

ஆறு வாரம் கழித்துக் கேட்டாலும் சரியான கேள்வி கேட்டாய். நீ அப்பாவின் பிள்ளைதான். ஆமாம், பார்த்தேன். சக்கரத்தை இறக்கும் தண்டின் மூட்டில் ஒரே ஒரு கம்பி மட்டும் வலது முறுக்கு! எந்த மூட்டு கழன்றதால் அப்பாவுக்கு வேலை போனதோ அதே மூட்டு. ஐம்பத்தொன்பது கம்பி அப்பாவுடையது, அந்த ஒன்று வேறு யாருடையதோ. அங்கே இன்னொருவன் கை வைத்திருக்கிறான். அவன் செய்த தப்பை அப்பா தலையில் கட்டிவிட்டார்கள். கிட்டத்தில் எடுத்த படம் இன்னும் சரியாக விழவில்லை, தூரத்துப் படம்தான் இருக்கிறது. எடுத்துவிடுவேன்.

இன்னும் கேள். ஜூன் மாதம் அருங்காட்சியகத்தின் ஆண்டு விழா. பார்வையாளர்கள் எடுத்த படங்களை, ஒருவருக்கு ஒன்று என்று, கண்காட்சியாக மாட்டப் போகிறார்கள். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? அன்றைக்கு அதை ஓட்டிய விமானியேதான். எண்பது தாண்டியவர், கைத்தடி ஊன்றி வருவாராம். என் படத்துக்கு முன்னால் அவரை நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி, "என் அப்பா கம்பி கட்டினார், தப்பு வேறொருவனுடையது" என்று சொல்லப் போகிறேன். இயக்குநர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

நீயும் வா. நீ இல்லாமல் நான் மட்டும் நின்றால் நன்றாக இருக்காது.

அக்கா

•

ஏப்ரல் 21

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, தபால் நிலையம் மூடப் போகிறது. இதுவரை எடுத்த படங்களில் தேறியவற்றை அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் எண் போட்டிருக்கிறேன். வரிசையாகப் பார். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பார்த்துவிட்டு நீ சொல்.

அக்கா

•

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டு வந்தது. நலம் என்று நீ எழுதாத முதல் கடிதம் இதுதான். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று முறை எண்ணினேன். எண்கள் அறுபத்தொன்று வரை போகின்றன. படங்கள் அறுபது. நாற்பத்தாறில் அந்த மூட்டு தூரத்தில் தெரிகிறது. நாற்பத்தெட்டில் அடுத்த மூட்டு வந்துவிடுகிறது. நடுவில் கிட்டத்தில் எடுத்த படம் இருந்திருக்க வேண்டும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, "பார்த்துவிட்டு நீ சொல்" என்று எழுதியிருக்கிறாய்.

சரி, சொல்கிறேன். கிட்டத்தில் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். அது விமானக் கம்பியே இல்லை. வேலிக்குக் கட்டுகிற தடித்த கம்பி. அதைக் கட்டிக்கொண்டு எந்த விமானமும் பறக்காது. கம்பத்தின் மேல் நிறுத்தும்போது சக்கரம் மடங்காமல் இருக்க யாரோ கட்டியது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அப்பா போன மறுமாதம், யாரிடமும் சொல்லாமல், தொலைநோக்கி எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கம்பத்துக்கு அடியில் ஒரு மணி நேரம் அண்ணாந்து நின்றேன். உன்னைப் போல எனக்கும் ஆசை இருந்தது அக்கா. அவர் சொன்னது பொய்யாக இருக்காதா என்று.

அவர் சொன்னது இதுதான். ஆஸ்பத்திரியில், நீ மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாய். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கட்டலடா. கையெழுத்து மட்டும் போட்டேன்" என்றார். பதிவேடு சாப்பாட்டு மணிக்கு முன்னால் மேலே போக வேண்டுமாம். எல்லாரும் முதலில் கையெழுத்து போட்டுவிட்டுப் பிறகு வேலையை முடிப்பார்களாம். அன்றைக்குக் கம்பிச் சுருள் தீர்ந்துவிட்டது. சாப்பிட்டு வந்து புதுச் சுருள் வாங்கிக் கட்டலாம் என்று போயிருக்கிறார். விமானத்தை முன்னதாகவே கிளப்பிவிட்டார்கள். விசாரணையில் "எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஏழு பேருக்கு வேலை போகும் என்று சொல்லவில்லை.

கடைசியாக இதையும் சொன்னார். "அக்காகிட்ட சொல்லாதே. அவ ஒருத்திதான் என்னை நம்பறா."

நானும் அதுவரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அது அவருக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக எனக்கு எது அதிகம் வலிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவர் கட்டாததா, இதுவா?

அந்த மாதத்திலிருந்து பார்க்காத எதற்கும் நான் கையெழுத்து போட்டதில்லை. பூதக்கண்ணாடி ஆனது அப்படித்தான்.

தயவுசெய்து அந்த விழாவில் எதுவும் சொல்லாதே. விமானி ஒரு வார்த்தையில் உன்னைத் தலைகுனிய வைத்துவிடுவார். நீ தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

தம்பி

•

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். பக்கத்து வீட்டுக்காரர் நீ சனிக்கிழமை வழக்கம்போல் போர்வையோடு கிளம்பியதாகச் சொன்னார். அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தது.

திட்டியாவது எழுது.

தம்பி

•

ஜூன் 3

தம்பிக்கு,

நலமாக இல்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

முதலில் உன் மூன்று எண்ணலுக்குப் பதில். நாற்பத்தாறுக்கு அடுத்த படம் எங்கே என்று கேட்டாயே, நம் வீட்டில் என்றைக்கடா அந்த எண் இருந்தது? கண்ணாமூச்சி ஆடும்போது நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு என்று எண்ணியவர்கள் நாம். தெரியாமல் அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் அம்மா அடுப்படியை விட்டு எழுந்து வெளியே போய்விடுவாள். இன்னமும் என் கை அதைத் தாண்டித்தான் எழுதுகிறது. ஆஸ்பத்திரியிலும் நாற்பத்தாறுக்கு அடுத்த டோக்கன் காணாமல் எத்தனை சண்டை! நான் எதையும் மறைக்கவில்லை. கிட்டத்தில் எடுத்த படமே அப்போது கிடையாது. நீயாக நினைத்துக்கொண்டாய், நீயாக உளறிக்கொட்டினாய். தபால்காரர் வாசலில் இருக்கும்போதே பிரித்தேன். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு வருஷம்! அப்பாவின் படத்துக்கு முன்னால் நான் நின்று சபதம் போடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டினாயே, உனக்கு வாய் இல்லையா? என்னைப் பார்த்தால் உண்மையைத் தாங்க மாட்டாதவள் மாதிரியா தெரிகிறது? அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியதா? அதுதான் எனக்கு ஆத்திரம்.

மூன்று வாரம் யோசித்தேன். ஒன்று ஞாபகம் வந்தது. "நான் கட்டினேன்" என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன், அவருக்காக, ஊருக்கெல்லாம். அவர், வேலை போனபின் பிழைப்பாகிப்போன தையல் மிஷினைக் குனிந்து பழுது பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொன்றும் இருக்கிறது. எலும்பைப் பார்த்தால் எது பழைய முறிவு, எது பிறகு ஒட்டியது என்று சொல்வது என் தொழில். அந்த வலது முறுக்கு பிறகு கட்டியது என்று தூரத்துப் படத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை. அதனால் உன்னை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. ஆனாலும் திட்டுவேன்.

போன சனிக்கிழமை கயிற்றுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அப்புறம் கொக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றினார். "தங்கச்சி, நான் தண்ணி குடிக்கப் போறேன். பத்து நிமிஷம் ஆகும். எனக்கு ரொம்ப தாகம்" என்று போனார்.

குழிக்கு நேர் அடியில் படுத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தேன். நீ சொன்னது சரி. வேலிக் கம்பி, துருப் பிடித்தது. சுற்றிலும் அப்பா கட்டியவை. எடுத்தேன்.

விழாவில் எதுவும் சொல்லாதே என்கிறாய். போவேன். சொல்வேன். குற்றமே செய்யாதவர் என்று நிரூபித்தால்தான் அவர் என் அப்பாவா? தலைகுனிய வேண்டுமானால் நிமிர்ந்து நின்று குனிகிறேன், நீ கவலைப்படாதே.

அக்கா

•

ஜூன் 24

அன்புள்ள நட்டுவுக்கு,

இன்று கொஞ்சம் நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? வீட்டில் அனைவரும் சுகம்தானே?

விழா முடிந்தது. படத்தையும் அதற்கு நான் எழுதிய விளக்கத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது இயக்குநர் படித்துவிட்டு வியர்த்துப்போனார்.

"இத மாட்ட முடியாதுங்க. விருந்தினர் மனசு சங்கடப்படும்."

"உங்க விதியில, படம் எடுத்தவரே விளக்கம் எழுதணும்னு போட்டிருக்கு. எழுதிட்டேன். நல்லா இருக்கணும்னு போடலையே?"

"உள்ள போய் எடுக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல. நானே போனேன். வேணும்னா அதுக்கும் ஒரு பலகை எழுதி வைங்க."

கயிற்றுக்காரர் ஒன்றும் தெரியாதவர்போல ஒரு ஆணியும் சுத்தியும் கொண்டுவந்து நின்றார். மாட்டினோம்.

விமானி வந்தார். மெலிந்த மனிதர், இடது கால் இழுக்கிறது. அந்தக் கால் அன்றைக்கு முறிந்தது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நீ பயந்த இடம் இதுதான். நானும் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னுடையதற்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இத யார் எடுத்தது?"

"நான். அந்தத் தரைப்பணியாளரோட பொண்ணு."

கூட்டம் நெருங்கி வந்தது. இயக்குநர் இருமினார்.

"அப்போ கட்டலையா?"

"கட்டல. கட்டாமலே கையெழுத்து போட்டாரு. உங்க கால் போனதுக்கு அவர் காரணம்தான். அதுக்கு அவர் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அவர் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏறறதுக்கு முன்னாடி விமானத்தைச் சுத்தி வந்து, ஒவ்வொரு சக்கரமா குனிஞ்சு பாத்துட்டு, விமானியும் கையெழுத்து போடணும்மா. அன்னைக்கு நல்ல வெயில். நான் ஏணியிலேயே நின்னு போட்டுட்டேன். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாப்பத்தஞ்சு வருஷமா இத யாரும் என்கிட்ட கேக்கல."

"கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை, அவர் கால் நடுங்கியது. அப்பா தையல் மிஷின் முன்னால் குனிந்திருந்த வருஷங்களில் இந்த மனிதர் பதக்கம் குத்திக்கொண்டு இருந்தார். அதை மறக்க எனக்கு இன்னும் நாள் ஆகும்.

இயக்குநரிடம் இப்போது என் கோரிக்கை மாறிவிட்டது. பலகையைக் கழற்ற வேண்டாம். "கவனக்குறைவு" இருக்கட்டும், அது உண்மை. "ஒருவரின்" என்பதை மட்டும் எடுக்க வேண்டும். அது பொய். "குழுவில் பேசுகிறோம்" என்கிறார். பேசட்டும். அதுவரை எல்லாச் சனிக்கிழமையும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, படிக்கிற ஒவ்வொருவரிடமும் மீதிக் கதையை நான் சொல்வேன். போன வாரம் முப்பத்தெட்டு பேருக்குச் சொன்னேன். கயிற்றுக்காரர் இரண்டு பேரை அவராகவே கூட்டிக்கொண்டு வந்தார்.

என் படம் எதிர்ச்சுவரில் இருக்கிறது. அதற்கு அடியில் நான் எழுதியது:

"எண் 47. இந்த மூட்டில் கம்பி கட்ட வேண்டியவர் என் அப்பா. கட்டவில்லை. சுற்றியுள்ள மற்ற ஐம்பத்தொன்பது கம்பிகளும் அவர் கட்டியவை. அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை அவிழவில்லை."

எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் எழுதிவிட்டேன், நாற்பத்தேழு என்று.

உன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னிடம் உள்ள கட்டில் நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் செருகிக்கொள்.

அக்கா

•

ஜூலை 2

அன்புள்ள போல்ட்டுக்கு,

இங்கே எல்லாரும் நலம். செருகினேன். பிறகு ஒன்றிலிருந்து அறுபத்தொன்று வரை சத்தமாக எண்ணினேன். அடுத்த அறையிலிருந்து உன் மருமகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஏன் எண்ணிக்கிட்டே அழறீங்க?" என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருஷம் கழித்துச் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பலகைக்கு இந்தப் பக்கம் நீ நில், அந்தப் பக்கம் நான் நிற்கிறேன். யார் தப்பித்துப் போகிறார்கள் பார்ப்போம்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு அப்பாவின் கையைப் பார்க்க வேண்டும். பெரிய போர்வையாக எடுத்து வை. கயிற்றுக்காரரிடம் சொல்லிவிடு, அன்றைக்கு அவருக்கு மறுபடியும் தாகம் எடுக்க வேண்டும். இரண்டு பேர் படுக்கப் போகிறோம்.

நட்டு